முப்பது வயதில் பல் மருத்துவக் கல்லூரியில் சேரலாமா?

வாசகர் கடிதம்: நான் தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன். வயது 29, வரும் ஆகஸ்டில் 30 முடிகிறது. ஆறாம் வகுப்பிலிருந்து ப்ளஸ் டூ வரை மாநகராட்சிப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தேன். 2014-இல் உயிரியல் பிரிவில் ப்ளஸ் டூ முடித்தபோது கட்-ஆஃப் 171 வந்தது. பல் மருத்துவ இடம் கிடைக்கவில்லை. எட்டு ஆண்டுகளாகப் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு பல் கிளினிக்கில் உதவியாளராக இருக்கிறேன். சம்பளம் 14,000 ரூபாய். கணவர் துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். மகளுக்கு ஐந்து வயது. டாக்டர் வெளியே போயிருக்கும் நேரங்களில் தற்காலிக ஃபில்லிங்கை நானே வைத்துவிடும் அளவுக்குக் கை பழகிவிட்டது. இந்த வயதில் நீட் எழுதி பி.டி.எஸ். சேர முடியுமா? பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு உட்கார வெட்கமாக இருக்குமோ என்று பயமாகவும் இருக்கிறது. 2010 ஜனவரி 3 அன்று பிறந்த என் அக்கா மகனும் இந்த ஆண்டு ப்ளஸ் டூ எழுதுகிறான். 2026-இல் அவனும் நானும் ஒன்றாக நீட் எழுதலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் குடும்பத்தில் வயதின் காரணமாக 2026-ஆம் ஆண்டு நீட் எழுத முடியாதவர் ஒருவர் இருக்கத்தான் செய்கிறார்; ஆனால் அவர் உங்கள் அக்கா மகன். கல்லூரியில் சேரும் ஆண்டின் டிசம்பர் 31-ஆம் தேதிக்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது விதி. 2026 சேர்க்கைக்கு 2009 டிசம்பர் 31 அல்லது அதற்கு முன் பிறந்திருக்க வேண்டும் என்று ஆகிறது. அவன் மூன்று நாள் பிந்திப் பிறந்தவன் என்பதால், எத்தனை நன்றாகப் படிப்பவனாக இருந்தாலும், ஓராண்டு காத்திருந்தே ஆக வேண்டும். ஒன்றாம் வகுப்பில் சற்று முன்கூட்டியே சேர்க்கப்பட்ட பிள்ளைகளுக்கு இது அவ்வப்போது நேர்வதுதான், எனவே அவனைக் கலங்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.

உங்களுக்கு அத்தகைய தடை எதுவும் இல்லை. 2018-இல் பொதுப் பிரிவினருக்கு 25 வயது, இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 30 வயது என்று உச்சவரம்பு வைத்தார்கள். அது நீதிமன்றங்கள் வரை போயிற்று. பிறகு தேசிய மருத்துவ ஆணையம் 2021 அக்டோபர் 21-ஆம் தேதிக் கூட்டத்தில் உச்சவரம்பே வேண்டாம் என்று முடிவெடுத்தது. 2022 மார்ச்சில் அது அறிவிக்கப்பட்டது. எத்தனை முறை எழுதலாம் என்பதற்கும் வரம்பு இல்லை. ஒடிசாவில் ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவர் 2020-இல் 64 வயதில் எம்.பி.பி.எஸ். சேர்ந்ததையும், தருமபுரி மாவட்டத்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் 61 வயதில் நீட் எழுதி, 2022 ஜனவரியில் கலந்தாய்வு வரை வந்து, இளையவர்களுக்கு இடம் விட்டு விலகிக்கொண்டதையும் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். ஆனால் அவர்களை நீங்கள் அளவுகோலாகக் கொள்ள வேண்டாம். அவர்களுக்கு ஓய்வூதியம் இருந்தது, உங்களுக்கோ பள்ளி செல்லும் மகள் இருக்கிறாள்.

பதினெட்டு வயதில்தான் பல் மருத்துவம் தொடங்க வேண்டும் என்பது நம் நாட்டுக் கல்வி அமைப்பு ஏற்படுத்திய பழக்கமே தவிர, அந்தப் படிப்பின் இயல்பில் உள்ளது அன்று. அமெரிக்காவில் பொதுவாக ஒரு பட்டப்படிப்பை முடித்த பிறகே நான்காண்டு பல் மருத்துவப் பள்ளிக்குப் போவார்கள் என்பதால், அங்கே முதல் நாள் வகுப்பில் உட்காருபவர்களில் இருபத்திரண்டுக்குக் குறைந்தவர்களைக் காண்பது அரிது. வேறு வேலை பார்த்துவிட்டு முப்பதைத் தாண்டி வருபவர்களை யாரும் வேடிக்கை பார்ப்பதில்லை. பிரிட்டனில் பள்ளிப் படிப்பு முடிந்ததும் நேராகச் சேரும் ஐந்தாண்டுப் படிப்பு, ஏறக்குறைய நம்மைப் போல. நம் ஊரிலேயே ஒரு காலத்தில் நுழைவு வயது என்று ஒன்று இருந்ததில்லை. பல ஊர்க் கடைத்தெருக்களில் பெயர்ப்பலகை வைத்திருந்த சீனப் பல் வைத்தியர் குடும்பங்களில், தந்தை பல் செட் கட்டுவதை அருகிலிருந்து பார்த்தே பிள்ளைகள் தொழில் கற்றார்கள். 1948-இல் பல் மருத்துவர்கள் சட்டம் வந்தபோது, படிப்பு இல்லாவிட்டாலும் ஏற்கெனவே ஐந்தாண்டுகள் அதையே பிழைப்பாகக் கொண்டிருந்தவர்களைப் பதிவேட்டின் ‘பி’ பகுதியில் சேர்த்துக்கொள்ள இடம் வைத்தார்கள். அனுபவத்துக்கு அன்று திறந்திருந்த அந்த வாசல் மூடப்பட்டு வெகு காலம் ஆகிறது. உங்கள் எட்டு ஆண்டு அனுபவத்துக்கு நீட் தேர்வில் அரை மதிப்பெண்ணோ, பி.டி.எஸ். படிப்பில் ஒரு மாதச் சலுகையோ கிடைக்காது என்பதை முதலிலேயே மனதில் இருத்திக்கொள்ளுங்கள்.

இதை ஒட்டி, நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. மருத்துவர் இல்லாதபோது தற்காலிக ஃபில்லிங் வைப்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். பதிவு பெறாத ஒருவர் நோயாளியின் வாயில் சிகிச்சை செய்வது சட்டப்படி குற்றம். மருத்துவரே செய்யச் சொல்லியிருந்தாலும் உங்களுக்கு அது பாதுகாப்பு ஆகாது. குழியின் அடியில் பல்லின் நரம்பு திறந்திருக்கிறதா, வேரின் நுனியில் சீழ் கோத்திருக்கிறதா என்று பார்த்து முடிவெடுக்கத்தான் ஐந்தாண்டுப் படிப்பு. சீழ் வெளியேற வழியில்லாமல் மேலே அடைத்துவிட்டால், அன்றிரவே அந்த மனிதர் கன்னம் வீங்கி ஸ்டான்லி மருத்துவமனையின் அவசரப் பிரிவில் நிற்பார். கை பழகியிருப்பது உண்மைதான், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் எப்போது கை வைக்கக் கூடாது என்பது பார்த்துப் பழகுவதால் மட்டும் வருவதில்லை.

இப்போது உங்களுக்குச் சாதகமான செய்திக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எல்லாவற்றையும்விட முக்கியமான சொற்கள் ‘ஆறாம் வகுப்பிலிருந்து ப்ளஸ் டூ வரை மாநகராட்சிப் பள்ளியில்’ என்பவைதான். 2020-இல் தமிழ்நாடு அரசு இயற்றிய சட்டத்தின்படி, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளிகளில் படித்து நீட் தகுதி பெற்றவர்களுக்கு மருத்துவம், பல் மருத்துவம் உள்ளிட்ட படிப்புகளில் 7.5 விழுக்காடு இடங்கள் தனியே ஒதுக்கப்படுகின்றன. மாநகராட்சிப் பள்ளி இதில் அரசுப் பள்ளியாகவே கணக்கில் வரும். அரசு உதவி பெறும் பள்ளி வராது. வடசென்னையில் இந்த வேறுபாட்டைக் கடைசி நேரத்தில் அறிந்து மனம் உடைந்தவர்கள் உண்டு, ஏனெனில் இங்கே பழைய பெயர்பெற்ற பள்ளிகள் பலவும் உதவி பெறுபவை. இந்த ஒதுக்கீட்டில் இடம் பெறுவோரின் கல்விக் கட்டணத்தை, தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தாலும், அரசே ஏற்கிறது. பொதுப் பிரிவில் தேவைப்படுவதைவிடக் குறைந்த மதிப்பெண்ணிலேயே இங்கு இடம் கிடைத்துவருகிறது. முப்பது வயதில் நீங்கள் இந்த முயற்சியில் இறங்கலாம் என்று நான் சொல்லத் துணிவதற்கு இந்த ஒதுக்கீடுதான் காரணம்.

இதற்கு மறுபுறமும் உண்டு. இந்த ஒதுக்கீட்டிலோ, கட்டணம் ஆயிரங்களில் இருக்கும் அரசுக் கல்லூரியிலோ இடம் கிடைக்காமல், தனியார் கல்லூரியின் நிர்வாக ஒதுக்கீட்டில் லட்சங்களைக் கட்டிச் சேரலாம் என்று யாராவது ஆசை காட்டினால் மறுத்துவிடுங்கள். இருபது வயதுப் பெண்ணுக்கு நான் இதைச் சற்றுத் தயங்கித்தான் சொல்வேன். உங்களுக்குத் தயக்கமின்றிச் சொல்கிறேன். கடன் அடைக்க அவளுக்கு இருக்கும் ஆண்டுகள் உங்களுக்கு இல்லை. படித்து முடித்த புதிதில், இன்னொருவர் கிளினிக்கில் பணிபுரியும் பல் மருத்துவருக்குச் சென்னையில் என்ன சம்பளம் கொடுக்கிறார்கள் என்பது, சம்பள நாளில் உறைகளை எடுத்துக் கொடுத்துப் பழகிய உங்களுக்கே தெரிந்திருக்கும்.

கட்டணமே இல்லை என்றாலும் படிப்பு இலவசம் ஆகிவிடாது. நான்கு ஆண்டுகள் வகுப்பு, அதன்பின் ஓராண்டு பயிற்சி மருத்துவர் பணி. பயிற்சி ஆண்டில் உதவித்தொகை வரும் என்று வைத்துக்கொண்டாலும், முதல் நான்கு ஆண்டுகளில் உங்கள் 14,000 ரூபாய் சம்பளம் நின்றுபோகும். நாற்பத்தெட்டு மாதத்துக்குக் கணக்கிட்டால் 6,72,000 ரூபாய். மாலையில் கிளினிக்குக்குப் போய்க்கொண்டே படிக்கலாம் என்று நினைக்காதீர்கள். முதலாண்டில் அது நடக்காது. இந்தத் தொகையை உங்கள் கணவரோடு உட்கார்ந்து, ஒரு தாளில் எழுதி, லாரி ஓடாத மாதங்களையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். கல்லூரி எந்த ஊரில் கிடைக்கும் என்பதையும் அப்போதே பேசிவிட வேண்டும். 1953-இல் தொடங்கிய சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகில் இருக்கிறது. தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி உயர் நீதிமன்ற நிலையத்தில் இறங்கி நடந்தால் போய்விடலாம். மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் புறப்பட்டு மாலையில் வீடு திரும்ப முடியும். ஆனால் தரவரிசையில் சற்றே பின்தங்கினால் இடம் சிதம்பரம் அண்ணாமலை நகரிலோ, 2023-இல் தொடங்கிய புதுக்கோட்டைக் கல்லூரியிலோ அமையலாம். அப்படி அமைந்தால் போவதா வேண்டாமா என்பதைக் கலந்தாய்வில் தேர்வுக் குழுவின் முன் நின்றுகொண்டு முடிவு செய்யக் கூடாது.

தேர்வைப் பற்றி. நீங்கள் ப்ளஸ் டூ முடித்தபோது இருந்த கட்-ஆஃப் முறை வேறு, இது வேறு. மொத்தம் 720 மதிப்பெண். 180 வினாக்களில் பாதி உயிரியல், மீதி இயற்பியலும் வேதியியலும் சமமாக. சரியான விடைக்கு நான்கு மதிப்பெண் உண்டு, தவறான விடைக்கு ஒன்று குறையும். 2025 முதல் வினாவுக்கு ஒரு நிமிடம் வீதம் மூன்று மணி நேரந்தான் தருகிறார்கள். வினாத்தாளைத் தமிழில் கேட்டுப் பெறலாம். உங்கள் பழைய பாடநூல்களைப் பரணிலிருந்து இறக்க வேண்டாம். தமிழ்நாட்டில் பதினொன்றாம் வகுப்புக்கு 2018-இலும் பன்னிரண்டுக்கு 2019-இலும் புத்தகங்களை மாற்றிவிட்டார்கள். நீட் வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வியில் எனக்கும் ஒரு கருத்து உண்டு; ஆனால் சட்டமன்றம் 2021-இல் நிறைவேற்றிய விலக்கு மசோதாவை நம்பிப் படிக்காமல் இருந்தவர்கள் இழந்த ஆண்டுகளை நீங்கள் இழக்கக் கூடாது என்பதால் அதை இங்கே விரிக்கவில்லை. 2026 தேர்வைப் பழக்கத்துக்காக எழுதுங்கள். 2027-ஐ உண்மையான முயற்சியாக வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் இடம் கிடைக்கவில்லை என்றால் நிறுத்திவிட வேண்டும் என்பது என் கருத்து. முயற்சிகளுக்குச் சட்டம் வரம்பு வைக்காததாலேயே அந்த வரம்பை நீங்கள் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்த நிலையில், பல் சுகாதார நிபுணருக்கான இரண்டாண்டு பட்டயப் படிப்பு ஒன்று உண்டு. அதை முடித்துப் பதிவு பெற்றவர், மருத்துவரின் மேற்பார்வையில் பற்களைச் சுத்தம் செய்யும் பணியைச் சட்டப்படியே செய்யலாம்.

இனி, வெட்கம் பற்றிய கேள்வி. உங்கள் வகுப்பில் பெரும்பாலோர் பதினெட்டு, பத்தொன்பது வயதினராக இருப்பார்கள்; ஒரு வாரம் உங்களை வேடிக்கை பார்ப்பார்கள், இரண்டாம் வாரம் ‘அக்கா’ என்று கூப்பிடுவார்கள், மூன்றாம் வாரம் உங்கள் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பார்கள். அது ஒரு சிக்கலே இல்லை. உண்மையில் உறுத்துவது வேறு. செய்முறை வகுப்பில் உங்கள் வேலையைத் திருத்துபவர் இருபத்தாறு வயது முதுநிலை மாணவராக இருக்கலாம். முதலாண்டில் மெழுகுக் கட்டையில் பல் செதுக்கச் சொல்வார்கள். விரல் நீளமுள்ள கட்டையில், ஒரு கடைவாய்ப் பல்லின் முகடுகளையும் பள்ளங்களையும், பக்கத்துப் பல்லைத் தொட வேண்டிய இடத்தின் வளைவையும், சிறிய கத்தியால் இழை இழையாகச் சீவி எடுக்க வேண்டும். மூன்று மணி நேரம் குனிந்து செதுக்கியதைக் கையில் வாங்கி ஒரு நொடி பார்த்துவிட்டு, ‘மறுபடியும் செய்யுங்க’ என்று உங்களைவிட ஐந்து வயது இளையவர் திருப்பிக் கொடுப்பார். எட்டு ஆண்டுகள் கிளினிக்கில் பெயர் வாங்கிய ஒருவருக்கு அது பதினெட்டு வயதுப் பிள்ளையைவிட அதிகம் வலிக்கும். வயது கூடியவர்கள் இந்தப் படிப்பில் தடுமாறுவதை நான் கண்டது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இன்னொன்று மொழி. தமிழ் வழியில் படித்த உங்களுக்கு உடற்கூறியலும் உயிர்வேதியியலும் ஆங்கிலத்தில் வரும்போது முதல் ஆறு மாதம் மூச்சு முட்டும். செவிலியராக இருந்துவிட்டு இருபத்தேழு வயதில் சேர்ந்த ஒரு மாணவிக்கு நான் பாடம் எடுத்திருக்கிறேன்; வார்டில் அவருக்கு நிகராக யாரும் இல்லை, உயிர்வேதியியலில் முதல் முறை தோற்றார். அடுத்த முறை தேறி, தம் வகுப்பில் மதிக்கத்தக்க மருத்துவராக வெளியே போனார். ஒவ்வோர் ஆண்டும் 75 விழுக்காடு வருகையும், தேர்ச்சிக்குப் பாதி மதிப்பெண்ணும் வேண்டும். பயிற்சி ஆண்டையும் சேர்த்து ஒன்பது ஆண்டுகளுக்குள் படிப்பை முடிக்க வேண்டும் என்பது விதி. ஆனால் உங்கள் படிப்பு ஆறு ஆண்டுகளாகக்கூட நீள நீங்கள் விடக் கூடாது.

மூன்றாம் ஆண்டில் நோயாளிகளைத் தொடத் தொடங்கும்போது நிலைமை மாறும். நான் மூன்றாம் ஆண்டில் படித்தபோது எனக்கு இருபது வயது. முகத்தில் மயிர் சரியாக முளைத்திருக்கவில்லை. காசிமேட்டிலிருந்து வந்திருந்த வலை பின்னும் பெரியவர் ஒருவர், நான் ஊசியைக் கையில் எடுத்ததும் நாற்காலியிலிருந்து எழுந்து, “தம்பி, உள்ள பெரியவங்க யாராச்சும் இருந்தா வரச் சொல்லுப்பா” என்றார். அவர் கேட்டதில் தவறில்லை, என் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த நாற்காலியின் அருகில் நீங்கள் நின்றால் யாரும் எழுந்து போக மாட்டார்கள். அழும் பிள்ளையின் தாயிடம் என்ன பேசுவது, எச்சில் உறிஞ்சும் ‘சக்ஷன்’ குழாயை எந்தக் கோணத்தில் பிடித்தால் நோயாளிக்குக் குமட்டாது, அளவு எடுக்கும் பொடியைக் கரைத்து எத்தனை நொடிக்குள் வாயில் வைக்க வேண்டும் என்பவற்றை உங்கள் வகுப்புத் தோழர்கள் அப்போதுதான் கற்றுக்கொண்டிருப்பார்கள்.

உடலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2027-இல் சேர்ந்தால் 2032-இல் படிப்பு முடியும்போது உங்களுக்கு 36 வயது. நாற்பதையொட்டி எல்லோருக்கும் அருகில் உள்ளதைப் பார்க்கும் பார்வை மங்கத் தொடங்கும். கையெட்டும் தூரத்தில் ரூட் கெனால் துளையைத் தேடும் வேலையில் அது உடனே தெரிந்துவிடும். மற்றவர்களுக்குத் தொழில் தொடங்கிப் பதினைந்து ஆண்டு கழித்து வரும் இந்தத் தொல்லை உங்களுக்கு நான்கைந்து ஆண்டிலேயே வரும். மூக்குக் கண்ணாடியோடு பொருத்தும் உருப்பெருக்கிகள் இன்று சாதாரணமாகக் கிடைக்கின்றன, படிக்கும்போதே அதற்குப் பழகிக்கொண்டால் சமாளிக்கலாம். கழுத்துவலி, இடுப்புவலி ஏற்கெனவே இருந்தால் மறைக்காமல் இப்போதே ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள். ஹெபடைடிஸ்-பி தடுப்பூசியின் மூன்று தவணைகளையும் போட்டிருக்கிறீர்களா என்பதையும் பாருங்கள். கல்லூரி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், ஊசியும் இரத்தமும் புழங்கும் இடத்தில் எட்டு ஆண்டுகள் நின்றவருக்கு அது கட்டாயம் வேண்டும்.

இந்த வாரமே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. ஆறு முதல் பன்னிரண்டு வரை எந்தெந்த ஆண்டு எந்தப் பள்ளியில் படித்தீர்கள் என்பதற்குத் தலைமையாசிரியர் கையொப்பமிட்ட சான்று வேண்டும். பன்னிரண்டு ஆண்டுக்கு முந்தைய பதிவேட்டைத் தேடி எடுக்க நாளாகும். நடுவில் பள்ளி மாறியிருந்தால் இரண்டு இடங்களிலும் அலைய வேண்டியிருக்கும். கலந்தாய்வு நெருங்கும்போது எல்லோரும் ஒரே வரிசையில் நிற்பார்கள் என்பதால், அதற்கு முன்பே வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

அக்கா மகனோடு ஒன்றாக எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். 2026-இல் முடியாது, 2027-இல் முடியும். அவன் இந்த ஆண்டு முடிக்கும் ப்ளஸ் டூ இயற்பியல் அவனுக்கு இன்னும் சூடாக இருக்கும், உங்களுக்கோ அது முழுக்க மறந்துபோயிருக்கும். இரவு எட்டு மணிக்குக் கிளினிக்கிலிருந்து திரும்பியதும் அவனை உங்கள் வீட்டுக்கு வரச் சொல்லி, முதலில் விசையும் இயக்கமும் பாடத்தை உங்களுக்கு நடத்தச் சொல்லுங்கள்.